நெடுஞ்சாலையில் அலையும் வண்டி

வன்னியின் குளக்கட்டுகளிலும் வயற்பாதைகளிலும் ஓடுவதற்கென்றே வாங்கப்பட்ட பிக்கப் வண்டி ஒன்றை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், மாரிகாலச் சேற்றிலே, நெல்மூடைகளைச் சுமந்துகொண்டு அது சிறிதும் முரண்டு பிடியாமல் ஊர்ந்து செல்லும். உடையவர் அதனைப் பற்றிப் பெருமையாகவே பேசுவார். ஆயின் அதே வண்டி மாங்குளத்தில் ஏ-9 வீதியில் ஏறி வேகம் பிடித்ததும் குணம் மாறிவிடுகின்றது. சாரதி சுக்கானை அசைக்கவில்லை. வண்டியோ மெல்ல இடப்பக்கம் சரிகின்றது. அவர் சிறிது வலப்பக்கம் திருப்புகின்றார். முதலில் ஒன்றும் நிகழவில்லை. இன்னுஞ் சிறிது திருப்புகின்றார். இப்போது வண்டி வேண்டியதற்கு மேலாக வலப்பக்கம் பாய்கின்றது. இவ்வாறு இடமும் வலமுமாகத் திருத்தித் திருத்தியே அவர் வவுனியா போய்ச் சேர்கின்றார். இறங்கும்போது தோள்மூட்டு நோகின்றது. இடப்பக்க ஓரத்திலே சைக்கிளில் செல்பவரும், வலப்பக்கத்திலே எதிர்வரும் பஸ்ஸில் இருப்பவர்களும் எத்துணை அண்மையில் தப்பினர் என்பதை அவர்கள் அறியார்.

சேற்றிலே அடங்கிக் கிடந்த குறை தார் வீதியிலே தலைகாட்டுவது ஏன்? விடை எளிய கணக்கில் இருக்கின்றது. வண்டியின் முகம் நேர்வழியிலிருந்து ஒரே ஒரு பாகை விலகிவிட்டதென்று கொள்வோம். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் அது ஒரு செக்கனில் பக்கவாட்டில் நகரும் தூரம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். அதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. 70 கிலோமீற்றர் வேகத்தில் அது 34 சென்ரிமீற்றர் ஆகின்றது. 2011இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக வீதியில் 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அரை மீற்றரை எட்டிவிடுகின்றது. சாரதி கண்டு, உணர்ந்து, கையைத் திருப்புவதற்குள் ஒரு செக்கன் போய்விடும். ஆகவே குறை புதிதாகப் பிறக்கவில்லை. வேகம் அதனைப் பெருக்கிக் காட்டுகின்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். வண்டி எப்போதும் ஒரே பக்கத்துக்கு இழுக்குமாயின் அது வேறு நோய். ஒரு ரயரில் காற்றுக் குறைவு, ஒரு சில்லில் பிரேக் பிடித்து நிற்றல் போன்றவை அதற்குக் காரணமாகும். குறித்த வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்ததும் முன்சில்லுகள் இரண்டும் வெறிகொண்டவை போல் படபடவென்று அதிர்வது மற்றொரு நோய். இன்று ஆராயப் புகுவது இவ்விரண்டுமன்று. எந்தப் பக்கமென்று இல்லாமல், நேராக நிற்கும் மனமே இல்லாமல், வண்டி அலைந்து திரிவதே நமது பொருள். இவற்றை ஒன்றெனக் கருதி மருந்து செய்பவர்கள் பணத்தையும் இழந்து, நோயையும் வைத்துக்கொள்கின்றனர்.

உண்மையில், வண்டி ஏன் அலைகின்றது என்று கேட்பதற்கு முன்னர், அது ஏன் நேராக ஓடவேண்டும் என்று கேட்பதே முறை. வீட்டிலுள்ள சைக்கிள் இதனைக் கற்பிக்கும். இருக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னே தள்ளுங்கள். கைபிடியைத் தொடாமலே முன்சில்லு நேராகப் போகும். அதே இருக்கையைப் பிடித்துப் பின்னே இழுத்துப் பாருங்கள். முன்சில்லு உடனே மடங்கித் திரும்பிக்கொள்ளும். முன்கவை சாய்வாக அமைந்திருப்பதே காரணம். அச்சாய்வின் கோட்டைக் கீழே நீட்டினால், ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்பாக அது நிலத்தைத் தொடும். ஆகவே சில்லு, முன்னே செல்லும் ஒன்றால் இழுத்துச் செல்லப்படுவது போலப் பின்தொடர்கின்றது. விலகினாலும் தானே நேர்ப்படுகின்றது.

மோட்டார் வண்டியிலும் இதுவே. முன்சில்லு திரும்புகின்ற அச்சின் மேல்முனை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கராஜ்காரர் இச்சாய்வைக் காஸ்ரர் என்பர். ஆர்தர் கிறெப்ஸ் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் 1896ஆம் ஆண்டிலேயே தமது காப்புரிமை ஒன்றில் இம்முறையை எடுத்துக் கூறியிருந்தார். இலை ஸ்பிரிங் பூட்டிய பழைய லாண்ட்றோவர் வண்டிகளில் இச்சாய்வின் அளவு 3 பாகை மாத்திரமே. அதில் இரண்டு பாகை குறைந்துவிட்டால் வண்டியைத் தானே நேர்ப்படுத்தும் ஆற்றலில் எவ்வளவு எஞ்சும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, சில்லுக்குத் தானே நேர்ப்படும் விருப்பம் இருந்தாலும், அதற்கும் சாரதியின் கைக்கும் இடையில் உள்ள வழி நீண்டது. லாண்ட்றோவரையே எடுத்துக்கொள்வோம். சுக்கானிலிருந்து ஒரு தண்டு இறங்கிச் சுக்கான் பெட்டிக்குள் செல்கின்றது. பெட்டியிலிருந்து முன்னோக்கி ஒரு தண்டு. அது முன்புறக் குறுக்குச் சட்டத்திலே பொருந்திய றிலே என்னும் இடைக் கருவியைத் திருப்புகின்றது. அதிலிருந்து குறுக்காக ஒரு தண்டு ஒரு சில்லுக்குச் செல்கின்றது. அச்சில்லை மற்றச் சில்லுடன் பிணைப்பது இன்னொரு தண்டு. ஆக மூன்று தண்டுகள், அவற்றின் முனைகளிலே ஆறு போல் ஜொயின்ற்றுகள். ஒவ்வொன்றும் மயிரளவே தேய்ந்திருக்கலாம். தனித்தனியே பிடித்து அசைத்துப் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் பார்த்து, "இது பரவாயில்லை" என்பார். ஆறு மயிரளவும், றிலேயின் தேய்வும், பெட்டியின் தேய்வும், சில்லின் பெயரிங்கும் ஒன்றுகூடினாலோ, சாரதி சுக்கானைத் திருப்பியும் சில்லுக்குச் செய்தி போய்ச் சேராத ஒரு வெற்றிடம் உண்டாகிவிடும். வண்டி அலைவது அந்த வெற்றிடத்திலேதான். குற்றவாளி ஒருவனைத் தேடிப் புறப்படுபவர் இங்கே ஏமாந்துபோவார். குற்றம் பலரிடம் பங்கிடப்பட்டிருக்கின்றது.

இந்த இடத்திலேதான் பெரும்பாலான கராஜ்களில் ஒரு தவறு நிகழ்கின்றது. சுக்கானில் வெற்றசைவு இருக்கின்றதென்று சொன்னவுடன், வேலைக்காரர் சுக்கான் பெட்டியின் மேலுள்ள திருகை முடுக்கிவிடுகின்றார். ஐந்து நிமிட வேலை, செலவும் சொற்பம். சுக்கான் உடனே இறுகியதாகத் தோன்றும். உடையவரும் மகிழ்ந்து செல்வார். ஆயின் அப்பெட்டியின் பற்கள் நடுநிலையில் மிக நெருக்கமாகவும், இருபுறத்திலும் சற்றுத் தளர்வாகவும் பொருந்துமாறே ஆக்கப்பட்டவை. சில்லுகளைத் திருப்பி வைத்துக்கொண்டு திருகை முடுக்கினால், நேராக வரும்போது பற்கள் ஒன்றையொன்று நெரிக்கும். நெரிகின்ற பெட்டி, சில்லு தானே நேர்ப்படுவதைத் தடுத்து நிறுத்திவிடும். முன்னே தளர்ச்சியால் அலைந்த வண்டி இப்போது இறுக்கத்தால் அலையும். சாரதி ஒவ்வொரு முறையும் கையால் மீட்க வேண்டியிருக்கும். எண்ணெய் வற்றி இறுகிய றிலேயும் இதே தீங்கைச் செய்யும்.

பெட்டியைப் பற்றி இன்னொரு நுட்பம் உண்டு. வண்டி நேராகச் செல்லும்போது சுக்கானின் கை கோணலாக நிற்பதைக் கண்டு, சுக்கானைக் கழற்றி நேராக மாட்டிவிடுகின்றவர்கள் உளர். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகிவிடும். ஆனால் பெட்டியின் உள்ளே நடுநிலை வேறெங்கோ இருக்கின்றது. வண்டி நேராக ஓடும் நேரமெல்லாம் பற்கள் தமது தளர்ந்த பகுதியிலேயே நிற்கும். சரியான முறை, பெட்டியை நடுவில் வைத்து, தண்டுகளின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, சில்லுகளை அதற்கு இணங்கச் செய்வதே.

மற்றொரு குறுக்குவழி ஸ்ரியறிங் டாம்பர் என்னும் அதிர்வடக்கியைப் பூட்டுவது. சில்லு பள்ளத்தில் விழும்போது கைக்கு வரும் உதைப்பை அது தணிக்கும். அதற்கென்றே அது படைக்கப்பட்டது. அலைவை அது குணப்படுத்தாது. தேய்ந்த மூட்டுகளின் குரலைச் சில காலம் அமுக்கி வைக்கும், அவ்வளவே. காய்ச்சலுள்ள பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி இட்டுவிட்டு மருத்துவரிடம் போகாமல் இருப்பதற்கு இதனை ஒப்பிடலாம்.

அவ்வாறாயின் எங்கே தொடங்குவது? நிலத்தில் தொடங்கி மேலே வருவதுதான் ஒழுங்கு. முதலில் ரயர். மணலிலும் சேற்றிலும் பிடிமானம் பெறுவதற்காகக் காற்றைச் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் வரை இறக்கிவிட்டு, தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப மறப்பவர் பலர். காற்றில்லாத ரயரின் பக்கச்சுவர் வளைந்து வளைந்து கொடுக்கும். மறுபுறம், சுமையில்லாத வண்டிக்கு அளவுக்கு மீறிக் காற்றடித்தால் ரயரின் நடு வரி மாத்திரமே நிலத்தைத் தொடும். அப்போதும் அலைவு உண்டு. வண்டியின் கதவோரத்தில் ஒட்டியுள்ள தகட்டிலே உற்பத்தியாளர் குறித்த அளவே நம்பத்தக்கது. சேற்றுக்கென வார்க்கப்பட்ட தடித்த கட்டைகளைக் கொண்ட ரயர்கள் தார் வீதியில் இயல்பாகவே சற்று நெளியும். அதனை முற்றாக ஒழிக்க இயலாது. முன்னே ஒரு வகையும் பின்னே ஒரு வகையுமாக, றேடியல் ரயரையும் பழைய குறுக்கிழை ரயரையும் கலந்து பூட்டுவது அலைவோடு நில்லாது, வளைவிலே ஆபத்தையும் விளைக்கும்.

அடுத்தது சில்லு. வண்டியை ஜக்கில் உயர்த்தி, உறுதியான தாங்கியின் மேல் இருத்திவிட்டு, சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாற் பற்றி அசைக்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால், மற்றொருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் குறை பெயரிங்கில். மறையாவிட்டால் சில்லைத் தாங்கும் கிங் பின்னில், புதிய வண்டிகளாயின் அவ்விடத்துப் போல் ஜொயின்ற்றில். இச்சிறு சோதனை அவசியமற்ற பல செலவுகளை மிச்சப்படுத்தும்.

பின்னர் வண்டியை நிலத்தில் இறக்கிவிட வேண்டும். மூட்டுகளைச் சோதிப்பது வண்டியின் பாரம் சில்லுகளின் மேல் இருக்கும்போதே நடைபெறல் வேண்டும். அந்தரத்தில் தொங்கும் சில்லு உண்மையைச் சொல்லாது. கைப்பிரேக்கை இழுத்து, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஒருவர் ஆசனத்தில் அமர்ந்து சுக்கானை இடமும் வலமுமாகச் சிறிதளவு, விடாமல் ஆட்டிக்கொண்டிருக்கட்டும். மற்றொருவர் கீழே குனிந்து சுக்கான் பெட்டியிலிருந்து சில்லுவரை ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதித்து அசையும் மூட்டு எதுவோ, அங்கே தேய்வு உண்டு. கண்ணுக்குத் தப்பினாலும் மூட்டின் மேல் வைத்த விரலுக்குத் தப்பாது. பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ற்றுகளையும் அப்போதே கவனிக்க வேண்டும். காட்டுவழியில் நெடுநாள் அடிபட்ட வண்டிகளில் பெட்டி பொருந்தும் இடத்துச் சட்டமே வெடித்திருப்பதுண்டு. பெட்டி முழுவதும் ஆடுகின்றபோது உள்ளேயிருக்கும் திருகை முடுக்கி என்ன பயன்?

எல்லாரும் முன்புறத்தையே நோக்குவதால் பின்புறம் பெரும்பாலும் தப்பிவிடுகின்றது. தோணியின் சுக்கான் பின்னால் இருக்கின்றதன்றோ? பின் அச்சைப் பிடித்திருக்கும் யூ போல்ற் தளர்ந்தாலும், இலை ஸ்பிரிங்கின் நடுப் போல்ற் அறுந்தாலும், ஷக்கிள் புஷ் தேய்ந்தாலும், பின் அச்சு தன் விருப்பப்படி சிறிது திரும்பி வண்டியைப் பின்னாலிருந்து ஓட்டத் தொடங்கும். சாரதிக்கு வண்டியின் வால் ஆடுவது போன்ற உணர்ச்சி உண்டாகும். மூடைகளைப் பின் அச்சுக்கும் அப்பால் வாற்பலகையின் மேல் அடுக்குவதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கது. முன்சில்லின் பாரம் குறைந்து, அதன் பிடிமானமும் குறைகின்றது. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைக்கும் சாரதிகள் அங்கேயே ஒருமுறை குனிந்து பின் ஸ்பிரிங்கையும் பார்த்துச் செல்வாராயின் பிள்ளையார் கோபிக்கமாட்டார்.

தளர்வுகள் யாவும் நீங்கிய பின்னரே சில்லுகளின் திசையை அளக்க வேண்டும். தளர்ந்த மூட்டுகளோடு அளந்த அளவு அடுத்த பள்ளத்திலேயே மாறிவிடும். முன்சில்லுகள் இரண்டும் முன்பக்கத்தில் மிகச் சிறிதளவு ஒன்றையொன்று நோக்கியிருத்தல் வேண்டும்; வெளிநோக்கினால் வண்டி அலையும். பழைய லாண்ட்றோவருக்குக் குறிக்கப்பட்ட அளவு 1.2 முதல் 2.4 மில்லிமீற்றர். இதற்கு விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. சில்லைத் தூக்கிச் சுழற்றி, ரயரின் நடுவே ஆணிமுனையால் மெல்லிய கோடு ஒன்று கீற வேண்டும். வண்டியை இறக்கி, சில மீற்றர் முன்னே உருட்டி நிறுத்திய பின்னர், இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அச்சின் உயரத்தில் முன்னும் பின்னும் அளந்து கழித்தால் விடை கிடைக்கும். பின்னோக்கி உருட்டி அளந்தால் விடை பொய்யாகும்.

இவ்வளவும் சரியாயிருந்தும் வண்டி அலையுமாயின், அதன் உடையவர் அதனை உயர்த்தியிருக்கின்றாரா என்று கேட்க வேண்டும். காட்டுவழியில் அடித்தளம் தட்டாமல் இருக்கவும் பெரிய ரயர் பூட்டவும் வண்டியை இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துவது இந்நாளில் பெருகியுள்ள பழக்கம். 1979 முதல் 1985 வரை வெளிவந்த ரொயோட்டா ஹைலக்ஸ் நான்கு சில்லு இயக்க வண்டிகளில் முன் அச்சு ஒரே தண்டாக, இலை ஸ்பிரிங்கின்கீழ் அமைந்திருந்தது. ஷக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தது. அங்கே நீண்ட ஷக்கிள் பூட்டினால் ஸ்பிரிங்கின் முன்முனை தாழ்ந்து, அச்சு முன்னோக்கிக் கவிழும், காஸ்ரர் குறையும். வண்டியின் பின்புறத்தை மாத்திரம் உயர்த்தி மூக்கைத் தாழ்த்தினாலும் அதே விளைவுதான். சேற்றிலே பெற்ற உயரத்துக்கு நெடுஞ்சாலையிலே கொடுக்கும் விலை இதுவாகும். சுருள் ஸ்பிரிங் வண்டிகளில் அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பனாட் தண்டின் சாய்வும் உயர்த்தலால் மாறும். அதன் சாய்வும் சுக்கான் தண்டின் சாய்வும் ஒத்திராவிட்டால், ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் வண்டி தானே திரும்பும்.

இழந்த காஸ்ரரை மீட்பதற்கு அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் ஆப்பு வடிவான உருக்குத் தகடு வைப்பது வழக்கம். மெலிந்த அலுமினியத் தகடு காலப்போக்கில் நசுங்கியும் வெடித்தும் போகும். அப்போது யூ போல்ற்றும் தளரும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. அச்சைப் பின்னோக்கிச் சாய்க்கும்போது, முன்சில்லுகளுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் தண்டு பொருந்தும் முனை கீழ்நோக்கித் தாழும். அத்தண்டின் மூட்டு கூடிய கோணத்தில் உழைத்து விரைவில் தேயும். ஆகையால் காஸ்ரரை அளக்காமல் ஆப்பு வைப்பது தகாது. கணினி பொருத்திய அளவு நிலையங்கள் இன்று பெருநகரங்களில் உள்ளன. ஒருமுறை அங்கே அளந்து, எத்தனை பாகை குறைவு என்பதைத் தாளில் எழுதி வாங்கி வந்த பின்னர் ஆப்பைத் தெரிவு செய்தல் நன்று.

சுக்கான் பெட்டியின் திருகைத் தொடும் நேரம் இப்போதுதான் வருகின்றது. சில்லுகள் நேராக, பெட்டி நடுநிலையில் இருக்க, பூட்டு நட்டைத் தளர்த்திச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். சுக்கானின் விளிம்பில் ஓர் அங்குலம் வரை வெற்றசைவு எஞ்சினால் பழைய வண்டியொன்றில் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். அதனையும் ஒழித்துவிட வேண்டுமென்ற பேராசை பெட்டியைக் கெடுக்கும்.

சோதிப்பதற்கு வாகன நெருக்கமில்லாத காலைப்பொழுதே உகந்தது. முதலில் மெதுவாக ஒரு வளைவில் திரும்பிவிட்டு, கைகளைச் சுக்கானில் இறுக்காமல் வெறுமனே தொட்டிருக்க வேண்டும். சுக்கான் தானே நடுவுக்குத் திரும்பினால் பெட்டி நெரியவில்லை. வழியில் நின்றுவிட்டால் திருகைச் சிறிது தளர்த்துக. அதன் பின்னரே வேகத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். நேரான வீதியில் சாரதி சுக்கானை இரு விரல்களுக்கிடையே பிடித்தவாறே வெள்ளைக் கோட்டுக்கு இணையாகச் செல்ல இயலுமாயின் வேலை நிறைவேறியது. ஆப்புத் தகடு வைத்த வண்டியாயின், ஒரு வாரம் ஓடிய பின்னர் யூ போல்ற்றுகளை மீண்டும் ஒருமுறை முடுக்குதல் வேண்டும். புதிய தகடு பாரத்தில் படிந்ததும் அவை சற்றுத் தளர்வது வழக்கம்.